பழவேற்காடு முகத்துவாரம் ஏன் அடைபடுகிறது, வெட்டிவிட்டாலும் ஏன் நிற்பதில்லை

பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் வாய் ஏன் கோடைதோறும் மணல் மூடிக்கொள்கிறது, பொக்லைன் வைத்து ஒருமுறை ஆழமாக வெட்டிவிட்டால் தீராதா, அடைந்து கிடந்தால் கரையில் உள்ளவர்களுக்கு என்ன நட்டம் என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது நாம் வெட்டும் பள்ளம் இல்லை. கடல் ஏறும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உள்ளே போய், அது இறங்கும் ஒவ்வொரு வற்றத்துக்கும் வெளியே வரும் தண்ணீர்தான் அதைத் திறந்து வைக்கிறது. அந்தத் தண்ணீர் குறைந்தால் எத்தனை முறை வெட்டினாலும் மணல் திரும்பி வரும். இதை ஒப்புக்கொள்ளாமல் போடும் திட்டம் எதுவும் இரண்டு பருவம் தாங்காது.

முதலில் இடத்தின் அமைப்பு. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டரில், பொன்னேரியைத் தாண்டி, பழவேற்காடு ஊர் இருக்கிறது. ஏரி அங்கிருந்து வடக்கே ஆந்திரத்துக்குள் சுமார் 60 கிலோமீட்டர் நீள்கிறது. அகலமான இடத்தில் 17 கிலோமீட்டர் வரை விரிகிறது. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தெற்கு முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட மணல் தீவு. ஏரிக்கு மூன்று வாய்கள்: தெற்கே பழவேற்காடு, நடுவில் கொண்டூருபாலெம், வடக்கே ராயதொருவு. வடக்கே உள்ள இரண்டும் அடிக்கடி தூர்ந்துவிடுவதால், கடல்நீருக்காக ஏரி பெரிதும் பழவேற்காட்டு வாயையே நம்பியிருக்கிறது. நன்னீருக்குத் தெற்கே ஆரணியாறு, வடமேற்கே காளங்கி, வடக்கே சுவர்ணமுகியின் கிளைகள். இந்த ஆறுகள் வடகிழக்குப் பருவமழையில்தான் ஆறு. தை பிறந்தால் மணல்.

ஏரியின் ஆழத்தைக் கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். நடுவில் இறங்கி நின்றால் இடுப்பளவு தண்ணீர். பரப்பு பெரியது, ஆழம் சிறியது என்ற இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

இனி மணல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சோழமண்டலக் கரையில் மணல் ஒரு நாளும் சும்மா கிடப்பதில்லை. அலை கரையைச் சாய்வாக மோதும்போது கரையோரமாக ஒரு நீரோட்டம் உண்டாகிறது. மணல் அதோடு நகர்கிறது. ஏறக்குறைய பங்குனி தொடங்கி ஐப்பசி வரை தெற்கிலிருந்து வடக்கு நோக்கி. சென்னைக் கரை மீனவர்கள் அந்த ஓட்டத்தைத் தெண்டி என்பார்கள். வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி, அது வன்னி. தெண்டி அடிக்கும் மாதங்கள் கூடுதல் என்பதால் ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கே போகிறது. 1870களின் பிற்பாதியில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் கரை அரிக்கப்பட்டதும் இதனால்தான். இதே மணல்தான் பழவேற்காட்டு வாயின் தென்கரையில் வந்து சேர்ந்து, வடக்கு நோக்கி நாக்கு போல நீளுகிறது. நாக்கு நீள நீள வாயும் வடக்கே நகர்கிறது, வாய்க்கால் வளைந்து நீளமாகிறது, நீண்ட வாய்க்காலில் தண்ணீர் வேகம் இழக்கிறது. நல்ல வெள்ளம் வந்தால் அந்த நாக்கை அறுத்துக்கொண்டு நேராக வழி பிறக்கும். பிறகு மீண்டும் முதலிலிருந்து.

இதைத் தடுத்து நிறுத்துவது ஓதம், அதாவது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது. சென்னைக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குச் சற்று முன்பின். அட்டமி, நவமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் உள்ள ஓதத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. அதனால் இங்கே ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கு.

அந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. வாய்க்குப் பக்கத்தில் 10 சதுர கிலோமீட்டர் ஏரிப்பரப்பில் ஓதத்தால் 10 சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வற்றத்தில் வெளியேறுவது 10 லட்சம் கனமீட்டர். வற்றம் சுமார் 6 மணி 12 நிமிடம், அதாவது 22,300 வினாடி. ஆகவே சராசரியாக வினாடிக்கு 45 கனமீட்டர். வாய் 40 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்றால் குறுக்குப் பரப்பு 60 சதுர மீட்டர். சராசரி வேகம் வினாடிக்கு 0.75 மீட்டர், உச்ச வேகம் 1.2 மீட்டரை ஒட்டி வரும். ஒரு வாய் தன்னைத்தானே துப்புரவாக வைத்துக்கொள்ள உச்ச வேகம் ஏறக்குறைய 1 மீட்டர் வேண்டும் என்பது உலகெங்கும் முகத்துவாரங்களைப் பார்த்தவர்கள் கண்ட அனுபவ அளவு. ஆக இந்த வாய் தப்பிக்கும். இப்போது ஏரியில் வண்டல் சேர்ந்தோ, உட்புற ஓடைகள் தூர்ந்தோ உள்ளே போகும் தண்ணீர் பாதியானால்? அதே வாயில் உச்ச வேகம் 0.6 மீட்டர். மணல் படியத் தொடங்கும். வாய் சிறுத்தால் வேகம் கூடி மணலை அரிக்கும் என்று ஒருவர் வாதிடலாம். ஓரளவு வரை அது உண்மை. அந்த அளவுக்குக் கீழே போனால், குறுகிய வாயில் உரசலே தண்ணீரைத் தின்றுவிடும். உள்ளே நீர்மட்டம் ஏறாது, ஏறாததால் வேகம் இல்லை, வேகம் இல்லாததால் மேலும் மணல். அங்கிருந்து மூடுவதற்கு ஒரு அட்டமியும் நாலு நாள் தெற்குப் பேரலையும் போதும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது, பலரும் கவனிக்காதது. வங்கக் கடலின் சராசரி மட்டமே ஆண்டுக்குள் ஏறி இறங்குகிறது. சென்னைக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் உச்சம். மாசி, பங்குனியில் அதைவிட ஏறக்குறைய ஓர் அடி தாழ்வு. ஆறு வறண்டு, கடல் தாழ்ந்து, தெண்டி தொடங்கும் மூன்றும் ஒரே காலத்தில் வந்து சேர்வதால்தான் அடைப்பு மாசிக்குப் பிறகு வருகிறது. யாரோ செய்த தவறு என்று அந்த மாதத்தில் ஆளைத் தேட வேண்டியதில்லை. தவறு ஆண்டு முழுக்க நடப்பது: ஏரிக்குள் வரும் நன்னீர் குறைந்தது, வண்டல் கூடியது, சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போட்ட சாலை வடபாதியையும் தென்பாதியையும் பிரித்தது. மதகு எத்தனை வைத்தாலும் கரை கரைதான். ஓதம் அதைக் கடந்து முழுசாகப் போவதில்லை. மேலே ஆரணியாற்றில் பிச்சாட்டூர் அணையும் தடுப்பணைகளும் முன்மழை வெள்ளத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வாயைக் கழுவிவிட்டுப் போக வேண்டியது அந்த வெள்ளம்தான்.

சரி, வெட்டுவது. அடைந்த வாயைத் திறந்துவிடுவதை கரையோரக் குப்பங்கள் தலைமுறைகளாக மண்வெட்டியும் கூடையுமாகச் செய்து வந்தன. இப்போது பொக்லைன். கருவி மாறினாலும் செய்முறையின் உயிர் நேரத்தில்தான் இருக்கிறது.

ஏரி மட்டம் கடலின் சராசரி மட்டத்தைவிட உயர்ந்திருக்கும்போது மட்டும் வெட்ட வேண்டும். அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஓதம் பெரிதாக இருக்கும். அந்த நாளைக் குறித்துக்கொண்டு, வாய்க்காலை அதற்கு முன்பே தோண்டி முடித்துவிட்டு, ஏரிப் பக்கம் மட்டும் ஐந்தாறு மீட்டர் மணலை அடைப்பாக விட்டு வைக்க வேண்டும். கடல் உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்கி ஏரி மட்டத்துக்குக் கீழே போகத் தொடங்கும் நேரத்தில் அந்த அடைப்பை உடைத்தால் ஆறு மணி நேரம் தண்ணீர் ஒரே திசையில், வெளிநோக்கி ஓடும். அந்த ஆறு மணி நேரம்தான் உண்மையான வெட்டு. பொக்லைன் செய்தது முன்வேலை. அவசரத்தில் ஏற்றத்தின்போது உடைத்துவிட்டால் முதல் தண்ணீர் கடலிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு உள்ளே வந்து வாய்க்காலின் உள்வாயில் விசிறி போல் பரப்பிவிடும். அடுத்த நாளே வாய்க்கால் பாதி தூர்ந்திருக்கும்.

வாய்க்காலின் அடி, வற்றக் கடலின் மட்டத்துக்கும் கீழே ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். மணல்திட்டின் மேல்மட்டத்திலிருந்து அளந்து ஆழம் சொல்வது ஏமாற்று. திட்டு ஓரிடத்தில் உயரம், ஓரிடத்தில் தாழ்வு. தோண்டிய மணலை வாய்க்காலின் தென்கரையில் குவித்தால் தெண்டி அதையே முதலில் உள்ளே தள்ளும். வடகரையில், கரையை விட்டுத் தள்ளிக் கொட்ட வேண்டும். குவிக்கவும் கூடாது, பரப்ப வேண்டும். 150 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஆழம் என்றால் 4,500 கனமீட்டர். ஈர மணலில் ஒரு பொக்லைன் மணிக்கு 70 கனமீட்டர் அள்ளினால், இரண்டு வண்டிக்கு நான்கு நாள் வேலை. இப்போது கடலின் வேகத்தைப் பாருங்கள். கரையோரமாக ஆண்டுக்கு 3 லட்சம் கனமீட்டர் நகர்கிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 800க்கு மேல். நான்கு நாள் அள்ளியதை ஆறு நாளில் கடல் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஏரியின் தண்ணீர் அதைத் திருப்பித் தள்ளாவிட்டால் வெட்டியது வீண்.

ஏரி மட்டம் தாழ்ந்த சித்திரை, வைகாசியில் வெட்டச் சொல்லி நெருக்குவதும், வெட்டி இரண்டு வாரத்தில் மூடிக்கொள்வதும் இதனால்தான். மீனவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அந்த மாதத்தில்தான் அவர்களுக்குக் கழுத்தை நெரிக்கிறது. ஆனால் வேலை மார்கழி, தையில், வாய் இன்னும் உயிரோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும். ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். அந்த எல்லைக்குள் இயந்திரம் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கான தாளை ஆவணியிலேயே நகர்த்தினால்தான் தையில் வண்டி இறங்கும்.

அடைந்து கிடந்தால் யாருக்கு என்ன ஆகிறது என்பதற்கு இறாலிலிருந்து தொடங்கலாம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஓதத்தோடு வாய் வழியே ஏரிக்குள் வந்து, மூன்று நான்கு மாதம் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். வாய் இல்லையென்றால் வரவும் இல்லை, போக்கும் இல்லை. மடவை, கொடுவா, சேற்று நண்டு எல்லாமே ஏதோ ஒரு வயதில் அந்த வாயைக் கடந்தாக வேண்டியவை. அதோடு உப்பு. கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. மழைக்காலத்தில் ஏரி கிட்டத்தட்ட நன்னீர். கோடையில் கடல் தொடர்பு அற்றுப்போனால் தேங்கிய நீர் வற்ற வற்ற வடபகுதியில் 50க்கும் மேலே போகிறது. அந்த நீரில் குஞ்சு பிழைக்காது. பிறகு வடக்கே ஏரித் தரையே வெடித்து உப்புப் பூத்துக் கிடக்கும்.

பழவேற்காட்டில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் குப்பங்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகியவை அதில் முக்கியமானவை. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களைக் குறித்து, எந்த நாளில் எந்தக் குழு எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வதே பாடு. தலைக்கட்டு உள்ளவருக்கு, அதாவது ஊர்க் கணக்கில் சேர்ந்த குடும்பத்தவருக்கு, உரிமை. ஒரே ஆள் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாதபடி இடம் சுற்றி வரும். கடலுக்குத் திரும்பும் இறாலை மறித்துப் பிடிப்பதால் வாய்க்குப் பக்கத்துப் பாடுதான் கனத்த பாடு. எனவே வாய் மூடினால் மீன் குறைவதோடு நிற்பதில்லை, முறையின் சமன்பாடே குலைகிறது. நல்ல இடம் என்ற ஒன்று இல்லாமல் போகிறது. எல்லா வலையும் மிச்சமிருக்கும் நீரில் நெருக்குகிறது. ஊருக்கு ஊர் வாய்த்தகராறு பிறக்கிறது. பாடு முறையில் இடம் கிடைக்காத தலித் மீனவர்கள் நெடுநாளாகப் பங்கு கேட்டு வருகிறார்கள். நீர் சுருங்கும் ஆண்டில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பாடு முறையை மட்டும் புகழ்ந்து பேசுவது முழு உண்மை ஆகாது.

இருளர்கள் வலையே போடுவதில்லை. பெண்களும் ஆண்களும் இடுப்பளவு நீரில் தவழ்ந்தபடி சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பனையோலையில் பின்னிய பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றில், பிடித்தது நேராகப் பறிக்குள். நீர் ஆழம் கூடினால் அவர்களுக்கு வேலை இல்லை, வற்றினாலும் இல்லை. ஓதம் ஏறி இறங்கும் ஏரியில்தான் அந்தக் கைத்தொழில் நிற்கும்.

கடல்பக்கக் குப்பங்களின் சிக்கல் வேறு. லைட்ஹவுஸ் குப்பம், அரங்கன்குப்பம், கூனங்குப்பம் போன்றவை மணல் நாக்கின் மேலேயே இருக்கின்றன. ஃபைபர் படகை ஏரிப் பக்கம் கட்டிவைத்து வாய் வழியே கடலுக்குப் போகிறவர்களுக்கு, இஞ்சின் விசிறி தரை தட்டாமல் போக இரண்டரை, மூன்றடித் தண்ணீர் வேண்டும். அரைகுறையாகத் தூர்ந்த வாய், முழுக்க மூடிய வாயைவிட ஆபத்தானது. ஆழமற்ற திட்டின் மேல் அலை உடைகிறது. வற்றத்தில் வெளியே பாயும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். விசிறி மணலில் இடித்து இஞ்சின் நின்ற நொடியில் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். வெளியூர்க்காரர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஆழமற்ற ஏரிதானே என்று யாராவது கூப்பிட்டால் வாய்ப் பக்கம் போகாதீர்கள்.

மழைக்காலத் தொடக்கத்தில் வாய் அடைந்திருந்தால் துன்பம் தலைகீழாகிறது. ஆரணியாற்று வெள்ளம் வடிய வழியில்லாமல் ஏரி ஏறும். ஆற்றின் வாயில் தீவாக இருக்கும் பசியாவரமும் தாழ்ந்த குப்பங்களும் முதலில் நனையும். பூநாரைகளுக்கும் இதில் பங்குண்டு. அவை நின்று மேய முழங்காலளவுக்கும் குறைந்த நீர் வேண்டும். கார்த்திகையில் ஏரி வடியாமல் நின்றால் அவை வேறு சதுப்பைத் தேடிப் போகும்.

பழவேற்காட்டின் பழைய பெருமைக்கும் இந்த வாயே காரணம், சரிவுக்கு அது மட்டும் காரணம் இல்லை. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணி வாங்கி அனுப்பும் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட, சிறு படகுகள் சரக்கை ஏற்றி இறக்கின. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை மண்மேடாகிவிட்டது, கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நிற்கிறது. அந்தக் காலத்துக் கடல் வணிகத்தோடு தொடர்புள்ள முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் இன்றும் பனையோலையில் பெட்டி முடைகிறார்கள்.

இனி கற்சுவர் பற்றி. வாயின் இரு பக்கமும் கடலுக்குள் கற்சுவர் நீட்டி நிலைநிறுத்தும் திட்டத்தைத் தமிழக அரசு எடுத்திருக்கிறது. சரியான நீளத்தில் கட்டினால் தென்புற மணல் நாக்கு வாய்க்குள் புகாது, வாய் இடம் மாறாது, படகுக்கு நிலையான வழி கிடைக்கும். இதெல்லாம் உண்மையான நன்மை. ஆனால் சுவர் மணலை இல்லாமல் செய்வதில்லை, தெற்கே தேக்கி வைக்கிறது. தென்பக்கம் நிரம்பியதும் மணல் முனையைச் சுற்றி வந்து வாயிலேயே விழும். வடபக்கம் ஸ்ரீஹரிகோட்டாவின் தென்முனை மணல் கிடைக்காமல் அரிக்கும். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு அவற்றுக்கு வடக்கே கரை மெலிந்து வருவது கண்முன் உள்ள பாடம். காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல் சில இடங்களில் மிகவும் ஒடுங்கிவிட்டது. புயல் அலை அங்கே புதிதாக ஒரு வாயைத் திறந்துவிட்டால், ஓதத்தின் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு வாயும் பலவீனமாகும். தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும் குழாய் வழியே வடக்கே மாற்றிவிடும் செலவையும் திட்டத்தோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும்; கட்டுமானத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கிப் பராமரிப்பை விட்டுவிட்டால் பத்து ஆண்டில் சுவருக்கு நடுவே மணல்மேடு நிற்கும்.

கற்சுவரை விட முக்கியம் உட்புற ஓடைகள். வாயிலிருந்து ஏரியின் நடுப்பகுதி வரை ஓதம் போகும் பழைய ஓடைத் தடங்களைத் தூர் எடுத்தால், முன்பு சொன்ன கணக்கில் 10 சதுர கிலோமீட்டர் 20 ஆகும், வாய்க்கு உள்ளே போகும் தண்ணீர் இரட்டிக்கும். அந்தத் தடங்கள் எவை என்பது படகு ஓட்டுகிறவர்களுக்கு இருட்டிலும் தெரியும். அவர்களை வைத்துக்கொண்டு கழியால் ஆழம் பார்த்துப் படம் போடுவது ஒரு வார வேலை. கூடவே ஏரிக்குள் மூன்று இடத்தில், வாய்க்கருகில் ஒன்று, பழவேற்காட்டுப் பாலத்தில் ஒன்று, வடக்கே ஒன்று என நீர்மட்டக் குறி நட்டு, அமாவாசைக்கும் அட்டமிக்கும் ஏற்ற, வற்ற அளவைக் குறித்து வந்தால் போதும். முன்பு அமாவாசையில் 30 சென்டிமீட்டர் ஏறி இறங்கிய பாலத்துக் குறியில் இந்த முறை 15தான் என்றால், வெளியே வாய் அகலமாகத் தெரிந்தாலும் அது மூடத் தொடங்கிவிட்டது. பொக்லைனுக்குச் சொல்ல வேண்டிய நாள் அதுதான்.